பாளையங்கோட்டையில் ஒரு பைண்டிங் கடை: அம்மாவின் வேதாகமமும் கடைக்காரரின் வாய்மொழியும்

என் அம்மா 1968-இல் தம் திருமணத்தன்று பெற்ற வேதாகமம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தினமும் திறக்கப்பட்டதால் முதுகு பிரிந்து, ஆதியாகமத்தின் முதல் ஏடுகள் தனியே உதிர்ந்து, மல்கியாவின் பக்கத்தில் இராமபாணப் பூச்சி துளைத்த நிலையில் என் கைக்கு வந்தது. அதைப் பாளையங்கோட்டை மார்க்கெட்டை அடுத்த ஒரு சந்தில் இருக்கும் சிறிய பைண்டிங் கடையில் கொடுத்து மறுபடியும் கட்டி வாங்கினேன். கூலி 480 ரூபாய். பிடித்த நாட்கள் பதினெட்டு. வேலை மிக நன்று. மதிப்புரைக்கு இவ்வளவே போதும் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் அந்தக் கடைக்கு நான்கு முறை சென்று காத்திருந்தபோது நான் கண்டதும் கேட்டதும் தையலையும் அட்டையையும் பற்றியவை மட்டும் அல்ல. கிறிஸ்தவன் ஒருவன் கடை வைத்தால் அவன் வாயிலிருந்து என்ன வார்த்தை வர வேண்டும் என்பதை அங்கே நான் கண்ணால் பார்த்தேன். அதையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்த மதிப்புரை பாதிதான். கடையின் பெயரை எழுத அனுமதி கேட்டேன். “வேலையப் பத்தி எழுதுங்க டீச்சர், பேரு வேண்டாம்” என்று அவர் சொல்லிவிட்டதால் பெயரை விட்டுவிட்டேன்.

இதற்கு முன் இதே புத்தகத்தை வேறொரு கடையில் கொடுத்திருந்தேன். சுவர் முழுவதும் வசனப் பலகைகள். உள்ளே நுழைந்ததும் “தோத்திரம்மா” என்ற வரவேற்பு. எந்தத் தேதியில் கிடைக்கும் என்று கேட்டபோது, “கர்த்தருக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமை” என்றார்கள். நான்கு வெள்ளிக்கிழமைகள் போனேன். ஒவ்வொரு முறையும் நாளைக்கு வாருங்கள் என்ற பதில். ஒருமுறை, முதலாளி உபவாச ஜெபத்துக்குப் போயிருக்கிறார் என்ற விளக்கம். ஐந்தாம் முறை போனபோது புத்தகம் நான் கொடுத்த அதே செய்தித்தாள் சுற்றோடு, முடிச்சுகூட அவிழாமல் அலமாரியில் இருந்தது. புத்தகத்தைத் தொடாததைவிட, அந்த நான்கு வாரமும் சொல்லப்பட்ட வார்த்தைகளே என்னை வருத்தின. ஆண்டவருக்குச் சித்தமானால் இன்னின்னதைச் செய்வோம் என்று சொல்லும்படி யாக்கோபு தம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் எழுதியது, நாளை நம் கையில் இல்லை என்று மனிதன் தாழ்ந்து அறிக்கையிடுவதற்காக. வேலையைத் தொடங்காதவன் தன் தாமதத்தைக் கர்த்தரின் சித்தத்தின்மேல் ஏற்றிவிடுவதற்காக அல்ல. “உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்ப வா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே” என்று நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தில் இருப்பதைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். அந்த வசனத்தைப் பலகையில் எழுதி எந்தக் கடையிலும் மாட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கடைக்கு வருகிறேன். பத்தடிக்கு எட்டடி இருக்கும். ஓர் இரும்பு அழுத்துப் பொறி, ஒரு தையல் சட்டம், மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசை ஒரு அலுமினியச் சட்டியில், மூலையில் மில் போர்டு அட்டைகள். சுவரில் தேதி கிழிக்கும் நாட்காட்டி ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. அறுபதை நெருங்கும் கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். உடனே விலை சொல்லவில்லை. ஏறக்குறைய பத்து நிமிடம், சேர்த்து மடித்துத் தைத்த தாள்கட்டுகளான பாரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அதன்பின் அவர் சொன்னதை இயன்றவரை அப்படியே தருகிறேன். “தையல் முழுசும் பிரிச்சு புதுசா தைக்கணும் டீச்சர். ஓரத்த வெட்டிச் சமன் பண்ணினா அழகா இருக்கும். ஆனா அம்மா ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க, அது போயிரும். அதனால வெட்ட மாட்டேன், கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும். தோல் போட என்கிட்ட நல்ல தோல் இல்ல. ரெக்சின்தான். தோல் மாதிரின்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வராது.” பிறகு ஒரு நோட்டில் தேதியும் கூலியும் எழுதி, அதையே ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.

கடைக்காரர் ஒருவர் தம் சரக்கைப் பற்றி இப்படிப் பேசிக் கேட்பது அரிது. வாங்குகிறவர் பண்டத்தைக் குறைத்துப் பேசுவதும் விற்கிறவர் கூட்டிப் பேசுவதும் சந்தையின் வழக்கம். அதில் பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சத்தியம்பண்ணுதலைப் பற்றிப் பேசிவிட்டு, “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்கிறார். ஆணையிடாமல் சொல்லும் வெறும் வார்த்தையே நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ரெக்சினை ரெக்சின் என்று சொல்வது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் எனக்கும் அந்தக் கடைக்காரருக்கும் இடையில் அன்று வேறு எந்தப் பெரிய காரியமும் இல்லை. அவருடைய விசுவாசம் என் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அந்த ரெக்சினில்தான் தெரிய வேண்டும்.

பாதி வேலையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பத்து நாட்கள் கழித்துச் சென்றேன். அப்போது ஒரு சேகரத்திலிருந்து (சபைகள் சில சேர்ந்த வட்டாரம்) வந்த பெரியவர் ஒருவர், பாமாலைப் புத்தகங்கள் அறுவடைப் பண்டிகைக்குள் வரவில்லை என்று மிகவும் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்திருந்தது. கடைக்காரர் இடைமறிக்கவே இல்லை. அவர் முடித்தபின், “நீங்க கோவப்படுறது நியாயம் அண்ணாச்சி. நான் சொன்ன தேதி தப்பு. முப்பது முடிஞ்சிருக்கு, இருபது பாக்கி. முப்பதையும் இப்பவே எடுத்துட்டுப் போங்க, இருபதும் புதன்கிழமை நானே கொண்டாந்து தாரேன்” என்றார். மின்வெட்டு என்று சொல்லவில்லை. வேலைக்கு ஆள் வரவில்லை என்றும் சொல்லவில்லை. பின்னர் அவரிடம் வேலை செய்யும் இளைஞர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்த வாரம் அந்த இரண்டுமே நடந்திருந்தன. பெரியவர் முப்பது புத்தகங்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு, போகும்போது குரலைத் தாழ்த்தி, “புதன்கிழமைன்னா மத்தியானத்துக்கு மேல வாங்க, வெயிலா இருக்கும்” என்றார். கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள் என்ற யாக்கோபின் வரிசையை, முதலில் கேட்டல், அதன்பின் பேச்சு என்ற அந்த ஒழுங்கிலேயே ஒருவர் கடைப்பிடிப்பதை அன்று பார்த்தேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். “கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்” என்று பவுலின் எபேசியர் நிருபம் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் பேச்சுத் தமிழில் கெட்ட வார்த்தை என்றால் வசைச்சொல், ஆபாசச்சொல். ஆகவே அப்படிப்பட்ட சொற்களைப் பேசாத நாம் இந்த வசனத்தைத் தாண்டிவிட்டதாக எண்ணி நிம்மதியாக அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கும் ‘சாப்ரோஸ்’ என்ற சொல், வலையில் அகப்பட்டு வெளியே எறியப்படும் ஆகாத மீன்களுக்கும், கெட்ட கனி தரும் கெட்ட மரத்துக்கும் மத்தேயு பயன்படுத்துகிற அதே சொல்லாகும். மீன் கெட்டுப்போயிற்று, குழம்பு கெட்டுப்போயிற்று என்று அடுக்களையில் சொல்கிறோமே, அந்தக் ‘கெட்ட’ என்பதே பவுல் சொல்ல வந்ததற்கு அருகில் நிற்கிறது. அப்படிப் பார்த்தால், வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒருவரைக் கூனிக் குறுகச் செய்யும் பேச்சும் கெட்ட வார்த்தையே. முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரு பிள்ளையையும் ஆபாசமாகத் திட்டியதில்லை. ஆனால் கணக்கு வராத பிள்ளையைப் பார்த்து, “உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு” என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கடையில் வேலை செய்யும் இளைஞருக்கு இருபது வயது இருக்கலாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ‘ஏலே’ என்ற விளி வாஞ்சையாகவும் இருக்கும், உதாசீனமாகவும் இருக்கும். சொல்கிறவரின் தொனி மட்டுமே வேறுபாட்டைக் காட்டும். எத்தனையோ கடைகளில் வாடிக்கையாளரிடம் “வாங்கம்மா, உக்காருங்கம்மா” என்று தேனாகப் பேசும் அதே வாய், அடுத்த நொடி திரும்பி வேலையாளிடம் நெருப்பாய் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே வாயிலிருந்து துதித்தலும் சபித்தலும் புறப்படுகிறது, இப்படியிருக்கலாகாது என்று யாக்கோபு சொன்னதற்கு இதைவிட அன்றாடமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இவரோ அந்த இளைஞரையும் என்னையும் ஒரே குரலில் அழைத்தார். சனிக்கிழமை மாலை நான் அங்கே இருந்தபோது, கல்லாவைத் திறந்து முதலில் எடுத்தது அந்த இளைஞரின் வாரக் கூலியைத்தான். மின்கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்திலிருந்து குறைந்ததை எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்ற லேவியராகமத்துக் கட்டளையை அவர் வாயால் சொல்லவில்லை.

காத்திருக்கும்போது பேச்சு எழுவது இயல்பு. ஓர் அம்மாள், தம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விட்டதை, “ஜெபிச்சுக்கங்க அண்ணாச்சி, ஜெபக்குறிப்பாத்தான் சொல்றேன்” என்ற முன்னுரையோடு விவரமாகச் சொல்லத் தொடங்கினார். இந்த முன்னுரை நமக்கு மிகவும் பழக்கமானது. புறங்கூறுதல் என்று தெரிந்தால் நாம் நிறுத்திவிடுவோம். ஜெபக்குறிப்பு என்ற பெயர் வைத்தால் தெருத் தெருவாகக் கொண்டுபோகலாம். கடைக்காரர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “அந்தப் பிள்ளகிட்ட நீங்க பேசுனீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார். அந்த அம்மாள் இல்லை என்றார். “ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்களேன். நம்ம பொம்பளப்பிள்ள மாதிரிதானே, யாராவது வந்தா அதுக்கும் ஆறுதலா இருக்கும்” என்றார். கண்டிப்பு இல்லை, முகச்சுளிப்பு இல்லை. ஆனால் கதை அத்துடன் நின்றுவிட்டது. குற்றம் செய்தவனிடம் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்று மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் காட்டும் வழி, மற்றவர்களிடம் பேசுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டிய முதல் அடி. நாம் பெரும்பாலும் அதைக் கடைசி அடியாக வைத்திருக்கிறோம்.

கொலோசெயர் நான்காம் அதிகாரத்தில், “அவனவனுக்கு இன்னின்னபடி உத்தரவு சொல்லவேண்டுமென்று” அறியும்படிக்கு உங்கள் வசனம் கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருப்பதாக என்று வருகிறது. உத்தரவு என்பதற்கு இன்று கட்டளை என்றே பொருள் கொள்கிறோம். இளையோர் சிலர் இந்த வசனத்தை, ஒவ்வொருவருக்கும் எப்படிக் கட்டளையிட வேண்டும் என்பதாகப் புரிந்துகொண்டு குழம்புவதை ஓய்வுநாள் பள்ளியில் பார்த்திருக்கிறேன். ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளிவந்த அந்த வேதாகம மொழிபெயர்ப்பில் உத்தரவு என்பது மறுமொழி. ஆளுக்குத் தக்க மறுமொழி என்பதே அங்கே பேசப்படுவது. இந்த நகரத்தில் 1820-இல் வந்து தங்கிய ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் புதிதாக மொழிபெயர்க்க உழைத்ததையும், அவர் எழுப்பிய ஊசிக்கோபுர ஆலயம் இந்தக் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதையும் நினைக்கும்போது, வேதத்தின் சொற்கள் இந்தத் தெருக்களில் எத்தனை கைகளைத் தாண்டி நம்மிடம் வந்துள்ளன என்று எண்ணத் தோன்றியது.

அந்த ஆளுக்குத் தக்க மறுமொழியையும் அங்கே கேட்டேன். ஒரு மூதாட்டி, சிறிய புதிய ஏற்பாடு ஒன்றைச் சேலைத் தலைப்பில் பொதிந்து கொண்டுவந்தார். அதைக் கட்ட நூறு ரூபாய்க்கு மேல் ஆகும், புதிய பிரதியே அதைவிடக் குறைவான விலைக்குக் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். வந்த வேலையைத் தாமே தட்டிக்கழித்த அந்த உண்மை உப்பு. ஆனால் அந்தப் பாட்டி முகம் வாடியதைக் கண்டதும், “இதுதான் வேணும்னா விடுங்க ஆச்சி, அட்டை மட்டும் ஒட்டித் தாரேன், அதுக்குக் காசு வேண்டாம்” என்றார். பழைய புத்தகத்தை மாற்றச் சொல்வது கணக்குக்குச் சரி. அவருக்கு அது கணக்கு அல்ல என்பதைப் புரிந்துகொண்டது கிருபை. உண்மையை மட்டும் பேசி மனதைப் புண்படுத்துகிறவர்களையும், மனம் நோகாதிருக்கப் பொய்யை இனிப்பாகப் பேசுகிறவர்களையும் நம் சபைகளில் நிறையப் பார்க்கிறோம். இரண்டையும் ஒரு வாயில் சேர்த்து வைத்திருப்பவர்கள் குறைவு.

வேலையின் தரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பாரத்தையும் பிரித்து, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, நூலால் தைத்து, முதுகில் துணி கொடுத்துக் கட்டியிருக்கிறார். புத்தகத்தை எந்த இடத்தில் திறந்தாலும் மேசையில் படிந்து நிற்கிறது; ஆதியாகமத்தின் முதல் சில அதிகாரங்கள் மட்டும் ஒட்டு வேலை காரணமாகக் கொஞ்சம் எழும்பி நிற்கின்றன. முன்பைவிடக் கனம் கூடியதால் அம்மாவின் பழைய பைக்குள் நுழையவில்லை. பிறந்தவர்கள், மரித்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று அம்மா எழுதி வந்த முன்வெற்றுத் தாளை எடுத்துவிடாமல், கிழிசலை அடைத்து அதே இடத்தில் வைத்திருக்கிறார்.

புத்தகத்தோடு ஒரு காகித உறையும் தந்தார். ஏடுகளுக்கு இடையில் இருந்த பொருள்கள் எல்லாம் அதில் இருந்தன: காய்ந்துபோன குருத்தோலைச் சிலுவை, இரண்டு காணிக்கை உறைகள், ஒரு மருந்துச் சீட்டு, 2016-இல் செல்லாததாகிவிட்ட ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று, நான்காக மடித்த ஒரு கடிதம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு துண்டுத் தாள் சுற்றி, எந்த அதிகாரத்தில் இருந்தது என்று பென்சிலால் குறித்திருந்தார். கடிதத்தை நூலால் கட்டி, “பிரிக்கல டீச்சர்” என்றார். செல்லாத நோட்டையும் அவருடைய நோட்டில் கணக்கெழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். யாரும் கேட்கப்போவதில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற இடத்தில் ஒருவர் இப்படி நடந்துகொண்டதைப் பார்த்தபின், அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

ஒரு பிழையும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். மேலட்டையில் அம்மாவின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கச் சொல்லியிருந்தேன். சூடாக்கிய பித்தளை எழுத்துகளைப் பொன் தாளின்மேல் வைத்து அழுத்தும் வேலை அது. ஒருமுறை அழுத்தினால் அழிக்க முடியாது. சொன்ன தேதியில் நான் போனபோது, இரண்டு சுழி ‘ன’ வர வேண்டிய இடத்தில் மூன்று சுழி ‘ண’ பளபளத்தது. நான் சொல்வதற்கு முன்பே அவரே விரலால் காட்டினார். “தப்பு நடந்துபோச்சு டீச்சர். நீங்க எழுதிக் குடுத்தது சரியாத்தான் இருக்கு. நான் ஒழுங்காப் பாக்கல. அட்டைய மாத்திப் போட மூணு நாள் வேணும். அதுக்குக் கூலி கிடையாது” என்றார். பதினைந்து நாள் பதினெட்டு நாள் ஆனது இதனால்தான். எழுத்தைக் கோத்தவர் அந்த இளைஞர் என்பது, மூன்று நாள் கழித்து அவரே என்னிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டபோது தெரிந்தது. கடைக்காரர் அவரை என் முன்னால் ஒரு பார்வைகூடப் பார்த்துக் குற்றம் சாட்டியிருக்கவில்லை. புதிய அட்டையில் எழுத்தைக் கோத்ததும் அதே இளைஞர்தான். இந்த முறை கடைக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசிக்கச் சொல்லி அழுத்தச் செய்தாராம்.

குறைகள் சில உண்டு. தொலைபேசியை அவர் பெரும்பாலும் எடுப்பதில்லை. கை பசையில் இருக்கும். கைபேசி வழியாகப் பணம் செலுத்த வசதி இல்லை, ரொக்கம் கொண்டுபோக வேண்டும். உட்கார ஒரே ஒரு முக்காலி. ரெக்சினில் கறுப்பும் மெரூனும் மட்டுமே கிடைக்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சபைகளின் வேலை குவிவதால் தனியார் புத்தகங்களை அவர் ஏற்பதில்லை. ஏற்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். ஞாயிறு விடுமுறை. காலை பத்து மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை கடை திறந்திருக்கும். புத்தகத்தைக் கொடுக்கும்போது உள்ளே இருப்பவற்றை நீங்களே எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் எது இருந்தது என்பது பிறகு நமக்கு மறந்துவிடும், அவர் குறித்துத் தருவார். பொறிக்க வேண்டிய பெயரை மட்டும் பெரிய எழுத்தில், சுழி தெரியும்படி எழுதிக் கொடுங்கள்.